யாருக்கு நகரம், யாருக்குக் காடு?

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்களைக் குழப்பும் சொற்களில் ஒன்று 'காலனி'. நம் ஊரில் அதற்கு இரண்டு அர்த்தம். பட்டணத்தில் ரயில்வே காலனி, பேங்க் காலனி என்று மாதச் சம்பளக்காரர்கள் குடியிருக்கும் இடம். கிராமத்துக்குப் போனால் அதே சொல் ஊரை விட்டுத் தள்ளி இருக்கும் தலித் மக்களின் குடியிருப்பைக் குறிக்கும். (இந்த இரண்டாவது அர்த்தம் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது என்பதால்தான், அரசு ஆவணங்களில் இருந்து அந்தச் சொல்லை நீக்குவதாகத் தமிழக அரசு 2025-ல் அறிவித்தது.) கல்கத்தாவில் மூன்றாவதாக ஓர் அர்த்தம் உண்டு. இங்கே ஒருவர் "நான் காலனிப் பையன்" என்று சொன்னால், அவருடைய அப்பாவோ தாத்தாவோ கிழக்கு வங்காளத்தில் இருந்து அகதியாக வந்தவர் என்று அர்த்தம். சற்றுப் பெருமையோடுதான் சொல்வார்கள்.

தெற்குக் கல்கத்தாவில் பஸ் ஏறினால் கண்டக்டர் கூவும் பெயர்களைக் கவனித்துப் பாருங்கள். பிஜோய்கட், ஆசாத்கட், பிக்ரம்கட், நேதாஜி நகர், பாகா ஜதின். 'கட்' என்றால் கோட்டை. ஓலைக் குடிசைகளுக்குக் கோட்டை என்று பெயர் வைத்தவர்கள் அந்த அகதிகள்.

வங்காளியில் அகதிக்கு 'உத்பாஸ்து' என்று பெயர். பாஸ்து என்பது நம் வாஸ்துதான். அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்கிற அளவுக்கு நாம் அதைச் சுருக்கிவிட்டோம். அவர்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மனை, குலதெய்வம் இருக்கும் மண். அந்த மண்ணில் இருந்து பெயர்த்து எறியப்பட்டவர் உத்பாஸ்து.

எனக்குத் தொழில் கம்ப்யூட்டர். சால்ட் லேக் செக்டார் ஃபைவில் ஆபீஸ், நியூ டவுனில் வீடு. சரித்திரம் என் படிப்பல்ல. ஆனாலும் பன்னிரண்டு வருஷமாகக் காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகம் வாங்கும் பழக்கத்தால், இந்த ஊரின் அகதிகளை ஆராய்வதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட சிலரின் எழுத்து கைக்கு வந்தது. அவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவர்களுடைய ஆராய்ச்சி கடைசியில் வந்து நிற்கும் கேள்வி எளிமையானது. ஒரே கலவரத்துக்குத் தப்பி, ஒரே எல்லையைத் தாண்டி வந்தவர்களில் சிலருக்கு நகரம் கிடைத்தது, சிலருக்குக் காடு கிடைத்தது. ஏன்? அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கே கிட்டத்தட்ட நாற்பது வருஷம் ஆனது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாபில் பிரிவினையின்போது ஏறக்குறைய ஒரே வருஷத்தில் இரண்டு பக்கமும் ஜனங்கள் இடம் மாறி முடித்துவிட்டார்கள். வங்காளத்தில் அப்படி இல்லை. 1946 அக்டோபரில் நவகாளிக் கலவரத்தில் ஆரம்பித்து 1971 வரை அலை அலையாக வந்துகொண்டே இருந்தார்கள். 1947, 48-ல் வந்தவர்களில் பெரும்பாலோர் 'பத்ரலோக்' எனப்படும் மேல்சாதி நடுத்தர வர்க்கம். வக்கீல், வாத்தியார், குமாஸ்தா, சின்ன நிலக்கிழார். 1950-ல் பாரிசால் முதலான இடங்களில் கலவரம் வெடித்த பிறகுதான் நமசூத்திரர்கள் என்கிற தலித் விவசாயிகள் பெருந்திரளாக வர ஆரம்பித்தார்கள். 1951 சென்சஸ்படி மேற்கு வங்காளத்தில் அகதிகள் சுமார் 21 லட்சம். கல்கத்தா நகரத்தில் மட்டும் சுமார் 4.3 லட்சம். நகரத்தின் மொத்த ஜனத்தொகையே அப்போது 25 லட்சம்தான். ஆறு பேரில் ஒருவர் அகதி.

சியால்டா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் குடும்பம் குடும்பமாகக் கிடந்தார்கள். 1948-ல் ஜாதவ்பூரில் காலியாகக் கிடந்த ராணுவ முகாமில் சில குடும்பங்கள் புகுந்தன. அதுதான் பிஜோய்கட். 1949 கடைசியில் இருந்து அது ஓர் இயக்கமாகவே ஆகிவிட்டது. 'ஜபர்தகல் காலனி', அதாவது வலிந்து பிடித்த காலனி. முன்கூட்டியே ஆள் அனுப்பி நிலம் பார்ப்பார்கள். இரவில் மூங்கிலும் கோரைத் தட்டியுமாகப் போய் இறங்குவார்கள். கயிறு பிடித்து இரண்டு மூன்று கட்டா மனையாகப் பிரிப்பார்கள். (ஒரு கட்டா 720 சதுர அடி.) விடியும்போது குடிசைகள் நிற்கும். ஜமீன்தாரின் அடியாள் வந்தால் பெண்கள் சங்கு ஊதுவார்கள், எல்லோரும் கூடிவிடுவார்கள். அடுத்த வாரமே பள்ளிக்கூடம், கமிட்டி, சந்தை, துர்கா பூஜை. இப்படி உருவாகி முதலில் அரசாங்கத்தின் பட்டியலில் ஏறிய காலனிகள் 149.

1951-ல் மாநில அரசு வெளியேற்றச் சட்டம் கொண்டுவந்தபோது, முந்தைய வருஷம் அமைந்திருந்த ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சில் தெருவில் இறங்கியது. கடைசியில் மாற்று இடம் காட்டாமல் அகதியைக் கிளப்பக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் சட்டம் நிறைவேறியது. பட்டா கைக்கு வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின என்பது வேறு கதை. ஆனால் அவர்களை யாரும் நகரத்தை விட்டுக் கிளப்ப முடியவில்லை.

இதையெல்லாம் முதலில் எழுதி வைத்தவர்கள் எண்ணிக்கை எடுத்தவர்கள். பிரசாந்த சந்திர மகலநோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1948-லேயே அகதிக் குடும்பங்களிடம் சர்வே எடுத்தது. அந்தத் தரவை வைத்துக் காந்தி பக்ராசி 1971-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். 1951 சென்சஸ் அறிக்கையை எழுதியவர் அசோக் மித்ரா ஐ.சி.எஸ். (பின்னாளில் மாநில நிதி அமைச்சராக இருந்த பொருளாதார அசோக் மித்ரா வேறு ஆள்.) மானுடவியலாளர் பி.எஸ். குஹா ஆசாத்கட் காலனியையும், அரசே அமைத்த ஜிராட் குடியிருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். தானே பிடித்த இடத்தில் இருப்பவனுக்கும் அரசாங்கம் கொண்டுபோய் உட்கார வைத்தவனுக்கும் மனநிலையில் என்ன வித்தியாசம் என்பது அவர் ஆராய்ந்த விஷயங்களில் ஒன்று.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் நிர்மல் குமார் போஸ். 1946-47-ல் நவகாளியில் காந்தி ஊர் ஊராக நடந்தபோது செயலாளராகவும் வங்காளி ஆசிரியராகவும் கூடவே இருந்தவர். அதாவது அகதிகள் எங்கிருந்து கிளம்பினார்களோ அந்த இடத்தையே நேரில் பார்த்தவர். 1960களில் அவர் கல்கத்தாவை வார்டு வார்டாக ஆராய்ந்தார். எந்தத் தெருவில் எந்தச் சாதி, எந்த மொழிக்காரர், என்ன தொழில். அந்த சர்வே 1968-ல் புத்தகமாக வந்தது. இந்த நகரம் எல்லோரையும் கலக்கும் பாத்திரமல்ல, ஒவ்வொரு கூட்டமும் தன் தொழிலையும் தன் தெருவையும் இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறது என்பது அவர் கண்டது. லேக் மார்க்கெட் பக்கம் முருங்கைக்காயும் டிகிரி காப்பிப் பொடியும் தேடிப் போகும் நமக்கு இது புரியாத விஷயமா என்ன!

அடுத்து, 1990-ல் பிரஃபுல்ல சக்ரவர்த்தியின் 'விளிம்பு மனிதர்கள்' வந்தது. (ஆங்கிலப் புத்தகம், தலைப்பை நான் தமிழில் சொல்கிறேன்.) அகதி இயக்கம் இடதுசாரிகளை எப்படி வளர்த்தது, இடதுசாரிகள் அகதிகளை எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதை ஊர்வலம் ஊர்வலமாக, துண்டுப் பிரசுரம் துண்டுப் பிரசுரமாக எழுதினார். இந்தத் துறையில் யார் எழுதினாலும் இன்றைக்கும் அதைத் தொடாமல் தாண்ட முடியாது. வெளிவரும் வரை அகதி வரலாறு என்பது அகதிகள் தமக்குள் சொல்லிக்கொண்ட கதை. அதற்குப் பிறகு அது ஒரு துறை.

அந்தக் கதையின் நாயகர்கள் பெரும்பாலும் காலனிக்காரர்கள். அதாவது முகாமுக்குப் போகாமல் தானே இடம் பிடித்தவர்கள். தானே இடம் பிடிக்க என்ன வேண்டும்? ஏற்கெனவே கல்கத்தாவில் வேலையில் இருக்கும் சித்தப்பாவோ மாமாவோ வேண்டும். போலீஸ் அதிகாரியிடம் பேசத் தெரிய வேண்டும், மனு எழுதத் தெரிய வேண்டும், பத்திரிகையில் தெரிந்த ஆள் வேண்டும். நகை விற்றோ கடன் வாங்கியோ ஆறு மாதம் தள்ளத் தெம்பு வேண்டும். பத்ரலோக்கிடம் பணம் போயிருந்தாலும் இதெல்லாம் போகவில்லை. நமசூத்திர விவசாயிக்குத் தெரிந்தது உழவும் ஆறும். அவர் அரசாங்க முகாமுக்குப் போனார். கூப்பர்ஸ் கேம்ப், துபுலியா, பாக்ஜோலா. முகாமில் உதவித்தொகை உண்டு, ஆனால் எங்கே அனுப்புவது என்ற முடிவு அரசாங்கத்தின் கையில்.

பாக்ஜோலா பற்றி ஒரு வார்த்தை. நியூ டவுனில் குடியிருப்பவர்களுக்கு பாக்ஜோலா கால்வாய் தெரிந்திருக்கும். மழைக்காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுவோமே, அதேதான். 1950களில் அந்த வடிகால் திட்டத்தில் மண் வெட்டியவர்களில் முகாம் அகதிகளும் உண்டு. 'வொர்க்சைட் கேம்ப்' என்று அதற்குப் பெயர். சும்மா இருந்து சோறு தின்னக்கூடாது, மண் வெட்டினால் கூலி என்பது அதன் தத்துவம்.

1958-ல் தண்டகாரண்யத் திட்டம் வந்தது. ஆமாம், ராமாயணத்தில் வருமே அதே தண்டகாரண்யம். ஒரிசாவின் கோராபுட், காளஹாண்டி, அப்போதைய மத்தியப் பிரதேசத்தின் பஸ்தர். வங்காளத்தில் இனி இடமில்லை, முகாமில் இருப்பவர்கள் அங்கே போக வேண்டும், மறுத்தால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றது அரசு. ஆற்று வண்டலில் நெல் பயிரிட்டவர்களைப் பாறையும் செம்மண்ணுமான மேட்டு நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அது ஏற்கெனவே ஆதிவாசிகளின் மண் என்பதையும் யாரும் பெரிதாக எண்ணவில்லை. பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராக இருந்து 1950-ல் ராஜினாமா செய்துவிட்டு இந்தியா வந்த தலித் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல் இந்த முகாம் மக்களோடு நின்று பேசிப் பார்த்தார். பலன் இல்லை.

அந்தத் திட்டத்தின் தலைவராகச் சில மாதங்கள் இருந்த சைபால் குமார் குப்தா என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, பதவியை விட்ட பிறகு 1965-ல் 'எகனாமிக் வீக்லி'யில் தொடர் கட்டுரை எழுதினார். எந்த நிலம் விளையும், எது விளையாது, திட்டம் எங்கே பொய்த்தது என்று கணக்கோடு எழுதினார். அதிகாரியாக இருந்தவர் எழுதியது இன்று ஆய்வாளர்களுக்கு முதல் ஆதாரம். அன்றைக்கு அதைப் படித்து யாரும் திட்டத்தை மாற்றிவிடவில்லை.

1977-ல் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அகதிகளை வங்காளத்திலேயே குடியமர்த்தச் சொன்னவர்கள் அவர்கள்தான். அந்த நம்பிக்கையில் 1978-ல் தண்டகாரண்யத்தில் இருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்ததை விற்றுவிட்டுக் கிளம்பின. பலரை வழியிலேயே பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஏறத்தாழ 30,000 பேர் சுந்தரவனத்தில் மரிச்ஜாபி என்ற தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். அரசிடம் எதுவும் கேட்காமல் பள்ளிக்கூடம், மருந்தகம், பேக்கரி, மீன் பண்ணை, படகுப் பட்டறை எல்லாம் கட்டினார்கள். பிஜோய்கட்டில் முப்பது வருஷம் முன்பு நடந்த அதே காரியம்தான். ஆனால் இம்முறை அது பாதுகாக்கப்பட்ட காடு, வனச் சட்டத்தை மீறிய குற்றம் என்றது அரசு. 1979 ஜனவரி 24-ல் தடை உத்தரவு போட்டுத் தீவை முற்றுகை இட்டார்கள். அரிசியும் குடிதண்ணீரும் நின்றன. ஜனவரி 31-ல் துப்பாக்கிச் சூடு. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி மக்களை லாஞ்சியில் ஏற்றி வெளியேற்றினார்கள். பட்டினி, நோய், குண்டு என்று எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அரசாங்கக் கணக்குக்கும் பிழைத்தவர்களின் கணக்குக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருக்கிறது.

இதில் ஆய்வுலகத்தைப் பற்றிய விஷயம் ஒன்று. மரிச்ஜாபி நடந்தது 1979-ல். அன்றைக்குப் பத்திரிகையில் செய்தி வந்தது, கோர்ட்டில் வழக்கு நடந்தது. ஆனால் உலகத்து ஆய்வாளர்கள் கவனிக்கும்படி ராஸ் மல்லிக் விரிவாகக் கட்டுரை எழுதியது 1999-ல். இருபது வருஷம்! 2004-ல் அமிதவ் கோஷின் நாவலில் வந்த பிறகுதான் ஊரே பேசியது. 2005-ல் அன்னு ஜலைஸ் என்ற மானுடவியலாளர், சுந்தரவனத் தீவுகளில் பல மாதங்கள் தங்கி, அந்த மக்கள் அதை எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று எழுதினார். தீவுக்காரர்கள் சொன்னதன் சாரம் இது: அரசாங்கத்துக்குப் புலிதான் பிரஜை, நாங்கள் புலிக்கு இரை.

ஏன் இத்தனை தாமதம்? பல்கலைக்கழகத்திலும் பத்திரிகையிலும் இருந்தவர்களில் பலர் காலனிப் பக்கத்து ஆட்கள். அவர்கள் வீட்டுக் கதை அவர்களுக்குத் தெரியும். மரிச்ஜாபிக்காரரின் பேரன் ஜாதவ்பூரில் வாத்தியாராக இல்லை. இன்னொன்று காகிதம். காலனிக் கமிட்டிகள் நிமிஷக் குறிப்பு எழுதின, மலர் வெளியிட்டன, மனுவுக்கு நகல் வைத்தன. ஆய்வாளர் போனால் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டுவார்கள். எழுத்தறியாத முகாம்வாசியைப் பற்றிக் காகிதம் எழுதியவர்கள் முகாம் அதிகாரியும் போலீசும். அந்தக் காகிதத்தில் அவர் 'சோம்பேறி' அல்லது 'கலகக்காரர்'. அவர் குரலைக் கேட்க வேண்டுமானால் ஆய்வாளர் ரயிலேறி, படகேறி, வாசலில் போய் உட்கார வேண்டும். 1990களுக்குப் பிறகு வந்தவர்கள் செய்தது அதைத்தான்.

அப்படி வந்தவர்கள் ஒவ்வொருவரும் படத்தின் ஒரு மூலையை நிரப்பினார்கள். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் பெண்ணியல் ஆய்வுப் பள்ளியைத் தொடங்கிய யசோதரா பாக்சி, சுபோரஞ்சன் தாஸ்குப்தாவோடு சேர்ந்து 2003-ல் அகதிப் பெண்களின் வாக்குமூலங்களைத் தொகுத்தார். வாசல் தாண்டாத குடும்பத்துப் பெண்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தையல் கூடத்துக்கும் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது அதில் தெரிகிறது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் தெரிகிறது. நேதாஜி நகர் காலனியிலேயே வளர்ந்த பேராசிரியர் மானஸ் ராய் 2002-ல் தன் தெருவையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். உதிதி சென் 2018-ல் வெளியிட்ட நூலில் பிஜோய்கட்டையும், அகதிகளை அனுப்பிய அந்தமானையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

கேம்பிரிட்ஜில் இருந்த ஜோயா சாட்டர்ஜியின் ஆய்வு வாழ்க்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1994-ல் வந்த முதல் நூலில் வங்காளப் பிரிவினையை முஸ்லிம்கள் மட்டுமா கேட்டார்கள், இந்து பத்ரலோக்கும் கேட்கவில்லையா என்று கேட்டார். 2007 நூலில், கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கணக்குப் பார்த்தார். இதற்கு நடுவே, கல்கத்தாவிலேயே அகதியான முஸ்லிம்களைப் பற்றி எழுதினார். 1941-ல் நகரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காக இருந்தவர்கள் 1951-ல் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். எல்லை தாண்டாமல் இங்கேயே இருந்தவர்கள் கலந்து வாழ்ந்த தெருக்களை விட்டு, பாதுகாப்புக்காகச் சில பேட்டைகளில் நெருங்கிக்கொண்டார்கள். அவர்களை யாரும் அகதிப் பட்டியலில் சேர்க்கவில்லை. 2015-ல் கிளேர் அலெக்சாண்டர், அன்னு ஜலைஸ் இருவரோடும் சேர்ந்து எழுதிய நூலில், யார் இடம் பெயர முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதையே மையக் கேள்வியாக்கினார். வயசான தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், நோயாளி, கையில் காசில்லாதவர் ஆகியோர் ஓடக்கூட முடியாமல் நின்றுவிட்டார்கள். ஓட முடிவதே ஒரு வசதி.

டெல்லியில் இருக்கும் நண்பர்கள் "எங்க லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர் எல்லாம் அகதிகள் கட்டினதுதானே, எவ்வளவு ஜோராக இருக்கு" என்பார்கள். உண்மைதான். ஆனால் மேற்குப் பாகிஸ்தானில் இருந்து வந்தவர்களுக்கு 1954-ல் நஷ்ட ஈட்டுச் சட்டமே போட்டார்கள். போனவர்கள் விட்ட சொத்தை வந்தவர்களுக்குப் பகிர்ந்தார்கள். வங்காள அகதிகளுக்கு அது இல்லை. 1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலி கானும் செய்த ஒப்பந்தத்தின்படி அவர்கள் திரும்பிப் போவார்கள், சொத்து அவர்கள் பெயரிலேயே இருக்கும் என்பது கணக்கு. அவர்கள் திரும்பிப் போகவில்லை. ஆக, அகதிக்கு அகதி வித்தியாசம் எல்லைக்கு எல்லையும் இருந்தது, சாதிக்குச் சாதியும் இருந்தது.

நாம் வேலை பார்க்கும் சால்ட் லேக்கும் இந்தக் கதையில் உண்டு. 1960களில் உப்புச் சதுப்பு நிலத்தை மண் நிரப்பித் திட்டமிட்ட நகரம் அது. 1971-ல் கிழக்கு வங்காளத்தில் இருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தபோது, காலியாகக் கிடந்த அந்த மணல் மேட்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் முகாம் இருந்தது. சாக்கடைக்காகக் கொண்டுவந்த பெரிய சிமென்ட் குழாய்களுக்குள் குடும்பங்கள் வாழ்ந்தன. பங்களாதேஷ் பிறந்ததும் பெரும்பாலோர் திரும்பினார்கள். பிறகு அங்கே வீடுகளும் ஆபீஸ்களும் வந்தன.

அந்த சால்ட் லேக்கில் இருந்து இயங்கும் ஓர் ஆய்வுக் குழு, கல்கத்தா ரிசர்ச் குரூப். 1996-ல் தொடங்கியது. அதை நீண்ட காலம் நடத்தியவர் ரணபீர் சமத்தார். 1999-ல் பங்களாதேஷில் இருந்து எல்லை தாண்டி வருபவர்களைப் பற்றி நூல் எழுதினார். 2003-ல் இந்திய அரசு 1947 முதல் அகதிகளை எப்படி நடத்தியது என்ற தொகுப்பைப் பதிப்பித்தார். நமக்கு அகதிகளுக்கென்று தனிச் சட்டம் கிடையாது, 1951 ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா சேரவும் இல்லை. அதனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அரசின் கருணை ஒவ்வொரு மாதிரி. உரிமை என்று கேட்க ஓர் இடம் கோர்ட்தான். 1996-ல் அருணாச்சலத்துச் சக்மா அகதிகள் வழக்கில், அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு மைல்கல்.

இது நம் வீட்டு விஷயமும்தான். 1983-க்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்த தமிழர்கள் நாற்பது வருஷம் தாண்டியும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் பெயர்ப்பலகை 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்கள் இல்லை. அவர்களிலும் மலையகத் தோட்டத் தொழிலாளர் வழி வந்தவர்கள் தனி. 1964 ஒப்பந்தப்படி அவர்களில் பலருக்கு இந்தியக் குடியுரிமையே கிடைத்திருக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் வி. சூர்யநாராயண் பல வருஷம் எழுதினார். விமானம் ஏறி டொராண்டோ போனவரும் படகேறி மண்டபம் வந்தவரும் ஒரே போருக்குத் தப்பியவர்கள்தான். கையில் என்ன இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

சமத்தாரின் ஆய்வு 2013-ல் எங்கே வந்து சேர்ந்தது தெரியுமா? என் வீட்டு வாசலுக்கு. இஷிதா டே, சுஹித் சென் இருவரோடும் சேர்ந்து ராஜர்ஹாட் பற்றி ஒரு நூல் எழுதினார். ராஜர்ஹாட் என்றால் நியூ டவுன். 1999-ல் ஹிட்கோ என்ற அரசு நிறுவனத்தை அமைத்து, வயலும் குளமும் தோப்புமாக இருந்த ஏறத்தாழ ஏழாயிரம் ஏக்கரை எடுத்துக் கட்டிய ஊர் இது. அகதிகளை ஆராய்ந்தவர்கள் இங்கே ஏன் வந்தார்கள்? ஊரை விட்டு எங்கும் போகாமல், எல்லை எதையும் தாண்டாமல், இருந்த இடத்திலேயே ஒருவர் மனையற்றவர் ஆக முடியும் என்பதைக் கண்டதால். பத்திரத்தில் பேர் இருந்தவருக்கு ஏதோ ஒரு விலை கிடைத்தது. அந்த வயலில் கூலிக்கு அறுத்தவருக்கும் அந்தக் குளத்தில் மீன் பிடித்தவருக்கும் காட்டுவதற்குக் காகிதம் இல்லை. அவர்கள் இப்போது நம் டவர்களுக்கு மணலும் செங்கல்லும் இறக்குகிறார்கள், டீக்கடை போடுகிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் என் மனைவி ஒருநாள் எந்த ஊர் என்று கேட்டாள். கையை ஜன்னல் பக்கம் காட்டி, "இதோ இங்கேதான்" என்றார் அவர். இரண்டு டவருக்கு நடுவே ஒரு நிறுத்தம் காட்டினார். அங்கே அவர்கள் மாமனார் குத்தகைக்குப் பயிர் செய்த வயல் இருந்ததாம்.

இதைப் படித்துவிட்டு ஃபிளாட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நானும் ஈ.எம்.ஐ. கட்டுகிறேன். ஆனால் நாமும் ஊர் விட்டு வந்தவர்கள் என்று பேசும்போது ஒன்றை மறக்கக்கூடாது. நாம் ஆஃபர் லெட்டரோடு வந்தோம். கம்பெனி கெஸ்ட் ஹவுசில் இறங்கினோம். ஆங்கிலம் தெரியும், பேங்க் அக்கவுண்ட் உண்டு, திரும்பிப் போக வீடு உண்டு. பிஜோய்கட்டுக்கும் மரிச்ஜாபிக்கும் நடுவே இருந்த அதே வித்தியாசம் நமக்கும் நம் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டிக்கும் நடுவே இருக்கிறது.

2009 மே மாதம் ஐலா புயல் சுந்தரவன வயல்களில் உப்புத் தண்ணீரை ஏற்றியது. பல வருஷம் நெல் விளையவில்லை. 2020-ல் அம்பான். அந்தத் தீவுகளில் இருந்து கிளம்பியவர்கள் கல்கத்தாவில் மட்டும் நிற்கவில்லை, கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் போனார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சென்னையில் மாடி கட்டும் சாரத்திலும் நம் சொந்தக்காரர்கள் 'வடக்கத்தி ஆளு' என்று ஒரே சொல்லில் அடைக்கிறார்களே, அவர்களில் சிலர் மரிச்ஜாபிக்கு எதிர்க்கரைக்காரர்கள். அவர்களை எந்தச் சட்டமும் அகதி என்று சொல்லாது.

ஆய்வாளர்கள் எழுபது வருஷமாகச் செய்த வேலையில் நம்மைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒரு கேள்வி. ஒருவரைப் பார்த்ததும் "எந்த ஊர்?" என்று கேட்கிறோம். அதோடு நிறுத்தாமல் "அந்த ஊரில் உங்களுக்கு நிலம் இருந்ததா, அது இப்போது யாரிடம் இருக்கிறது?" என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் இருந்தால், கேட்க நமக்கும் நேரம் இருக்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் உட்காரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிரிவினை 1947 ஆகஸ்டோடு முடிந்துவிடுகிறது.